ரங்கக்கா மேசையில் வைத்த சைக்கிள் மணி

இதுநாள் வரை சாவுச் செய்தி எனக்குக் காது வழியாகத்தான் வந்திருக்கிறது. யாராவது வந்து சொல்வார்கள்; இல்லாவிட்டால் பறைச் சத்தம் சொல்லும். நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு ரங்கக்காவுடையது.

அன்று காலையில் பல்கலைக்கழகத்து சைக்கிள் ஸ்டாண்டைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து அறை ஆய்வு மாணவர் சங்கத்துடையது. அதன் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு வந்த ருசிகளில் அது ஒன்று. அன்றைக்கும் எழுத்தைக் கூட்டினேன். ரங்கநாயகி என்று வந்தது. அடடா, அக்கா பேர் போட்டிருக்கிறதே, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறார் போலிருக்கிறது என்று சந்தோஷத்தோடு அடுத்த வரிக்குப் போனேன். ‘அவர்கள் நேற்று மாலை காலமானார்’ என்று இருந்தது. படித்தவர்கள் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிடுகிற வரி அது. எனக்கு ஒவ்வொரு எழுத்தாக வந்து சேர்ந்தது.

சங்கத்துப் பிள்ளைகள் அக்கா நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன், கொஞ்சம் நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மற்றவர்கள் அச்சுக்குக் கொடுத்துவிட்ட பிறகும் எனக்காகக் காத்திருந்தார்கள். அக்காவை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அறியாத புதுப் பிள்ளைகளும் படிப்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் மாரப்பன். மில்லில் வேலை பார்த்தேன். மில் நின்ற பிறகு இந்த சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தேன். நான் வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை வேளையில், சுங்குடிச் சேலை கட்டிய, நரை ஓடிய ஒரு அம்மா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி வழியில் நின்றுவிட்டது போலிருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. நான் எழுந்து நின்று கும்பிட்டு, “ஆசிரியருங்க வண்டியெல்லாம் அந்தப் பக்கத்துக் கொட்டாயிலங்கம்மா” என்றேன்.

“ஏனுங்ணா, நானும் மாணவிதானுங்க. எனக்கும் ஒரு டோக்கன் குடுங்க” என்றார்.

துடியலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கணவர் கிணற்று மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு பெண்கள் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, டாக்டர் பட்டத்துக்காக விடுப்புப் போட்டு வந்திருந்தார். கூடப் படித்த பிள்ளைகளுக்கு அவர் மகள் வயது, மகன் வயது. மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் எல்லோருக்கும் ரங்கக்கா ஆனார். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் எனக்கும் அவர் ரங்கக்கா. அவருக்கு நான் மாரண்ணன்.

அப்போது சங்கம் என்பது பூட்டிக் கிடந்த ஒரு தகரக் கூரை அறை. ஆயுத பூஜைக்குத் திறப்பார்கள், பொரிகடலை கொடுத்து மூடுவார்கள். செயலாளராக நிற்க யாரும் வராததால் ரங்கக்காவை நிற்க வைத்தார்கள். அவர் வந்து முதலில் பூட்டை எடுத்துவிட்டார். சாவி தொலைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். சாவி அவர் கைப்பையில்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

அவர் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். “போன வருசம் அடிபட்டவன் இந்த வருசம் அடிபடறவன் பக்கத்துல உக்காரோணும்.” யாராவது வழிகாட்டிப் பேராசிரியரிடம் திட்டு வாங்கி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், அதே பேராசிரியரிடம் முன்பு திட்டு வாங்கியவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைப்பார். ஊரைவிட்டு முதல் தடவையாக வருகிற எம்.எஸ்ஸி. பிள்ளைகளை பஸ் நிறுத்தத்திலேயே போய் அழைத்துவர ஆள் போட்டார். விடுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ரசம் சாதம் டிபன் கேரியரில் போகும். கூடவே ஒரு ஆளும் போகும். “ரசம் குடுத்துட்டு உடனே வந்துராதீங்க. பக்கத்துல உக்காந்து ரெண்டு வம்பு பேசிட்டு வாங்க. காய்ச்சல் அதுக்குத்தான் எறங்கும்” என்று சொல்லி அனுப்புவார்.

சனிக்கிழமை மாலையில் ஒத்திகை நடக்கும். துறையில் பேராசிரியர்கள் முன்னால் நின்று தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டிய பிள்ளை, முதலில் சங்க அறையில் பேசிப் பார்க்கும். அந்தப் பாடமே தெரியாத ஒரு ஆள் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது ரங்கக்காவின் ஆசை. அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? பெஞ்சில் கடைசியாக ஒரு இடம் எனக்கு. அவர்கள் பேசுவார்கள், நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். பேசி முடித்தால் கை தட்டுவோம். பிறகு டீ வரும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தேன்மொழி கதையோடு அது நின்றது.

தேன்மொழி கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். வாழைக்கு வருகிற வாடல் நோயைப் பற்றி ஆராய்ச்சி. ஒத்திகையில் தலை நிமிராமல், தாளைப் பார்த்து, ரயில் மாதிரிப் பேசி முடித்தாள். நாங்கள் தலையாட்டினோம், கை தட்டினோம். அந்த நம்பிக்கையோடு துறைக்குப் போனாள். அங்கே யாரும் தலையாட்டவில்லை. “எல்லாம் சரிம்மா, நீ என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறாய்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு தடவை பேச வாய்ப்புத் தருகிறோம், அதிலும் சரியாக வராவிட்டால் பதிவை உறுதி செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, “அப்பாவை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. அவள் அப்பா வந்தார். வேட்டி சட்டை, தோளில் ஒரு கதலி வாழைத்தார். தாரை என் மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, “இது சங்கத்துப் புள்ளைங்களுக்குங்க” என்றார்.

ரங்கக்கா வெளியே வந்து பார்த்தார். “ஏனுங்க, பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா, தார் குடுக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்குந்தானுங்க. வெறுங்கையோட எப்படிங்க வாரது?” என்றார். பிறகு சொன்னார்: “நான் படிக்க வேண்டாங்கலைங்க. நாலு பேர் முன்னால நின்னு அழுதுபோட்டு வந்திருக்குது. எனக்கு மனசு தாங்கலைங்க. படிச்ச வரைக்கும் போதும்.”

தேன்மொழி பையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து என் மேசைக்கு அடியில் வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

“சாயங்கால பஸ் வரைக்கும் இருங்க. நானே கொண்டாந்து ஏத்தி விடறேன். இதுல தப்பு எங்க மேலதானுங்க. அது என்னன்னு பார்த்துட்டு அனுப்பறேன்” என்றார் ரங்கக்கா. தேன்மொழியின் அப்பா இருக்கச் சம்மதித்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ரங்கக்கா எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். “அன்னிக்குத் தேன்மொழி பேசினது யாருக்குப் புரிஞ்சுது? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. வேதியியல் படிக்கும் சிவராஜ், “நல்லாத்தான் பேசுச்சுங்கக்கா” என்றான்.

“நல்லாப் பேசுச்சு. சரி. என்ன பேசுச்சு?”

சிவராஜ் கூரையைப் பார்த்தான்.

“மாரண்ணா, நீங்களும் தலையாட்டினீங்களே?”

“சிவராஜுத் தம்பி ஆட்டுச்சுங்க. சரி, பெரிய விசயமாட்ட இருக்குதுன்னு நானும் ஆட்டினேனுங்க.”

“நான் மாரண்ணனே ஆட்டறாரேன்னு ஆட்டினேன்” என்றார் ரங்கக்கா.

தேன்மொழி அழுகையோடு சிரித்துவிட்டாள். அறையே சிரித்தது. ரங்கக்கா சிரிக்கவில்லை. “ஒரு புள்ளையை நாம எல்லாரும் சேர்ந்து மரியாதையாக் குழில தள்ளியிருக்கோம்” என்றார்.

இது எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாக விளங்கும். ஒருவர் முகத்துக்கு நேரே ‘புரியவில்லை’ என்று சொல்வது, சாப்பாடு போட்ட வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வது மாதிரி. சொல்லமாட்டோம். இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்வோம்.

ரங்கக்கா என்னிடம் வந்து, கழற்றிப் போட்ட சாமான் பெட்டியில் சைக்கிள் மணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பழைய சைக்கிள் ஒன்றின் மணி கிடந்தது. துரு துடைத்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தார். “நம்ம வாய்க்கு மரியாதை தெரியும். இதுக்குத் தெரியாது. புரியலைன்னா யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். இதை அடிங்க, போதும். அடிச்சா, பேசறவங்க மறுக்காச் சொல்லோணும். கண்ணு, ஊருக்குப் போறது போறே. எங்களுக்காக ஒருக்காப் பேசிட்டுப் போ.”

தேன்மொழி தாளை எடுத்து ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் முடிவதற்குள் மணி அடித்தது. நான்தான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். மறுபடி சொன்னாள். சிவராஜ் அடித்தான். இன்னொரு பெண் அடித்தாள். மணி கைமாறிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் அவள் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டாள். போகப் போகக் கோபம் வந்தது.

“ஏனுங்க மாரண்ணா, இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?”

“நான் மில்லுக்காரனுங் கண்ணு. வாழைன்னா எனக்குப் பழந்தான் தெரியும்.”

அவள் தாளை மேசைமேல் போட்டாள். என் மேசையிலிருந்து கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த தாரைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்து, “அப்பா, நம்ம கீழ்த்தோட்டத்துல போன வருசம் அடியிலையெல்லாம் மஞ்சக்காச்சித் தொங்கிப் போச்சில்லீங்க” என்று ஆரம்பித்தாள். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செங்காவியாக இருந்தது, மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகும் பாதையை அடைக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். அதே பெண்தான். குரல் மட்டும் வேறு. மணி ரொம்ப நேரம் சும்மா இருந்தது. எனக்கே புரிந்தது.

அப்போது அவள் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார். மணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மெதுவாக ஒரு அமுக்கு அமுக்கினார். அரைச் சத்தம்தான் வந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்க. அதே தண்ணி, அதே எருவுதான் மேத்தோட்டத்துக்கும் உட்டேன். அங்க ஏன் கண்ணு வரலை?”

தேன்மொழி யோசித்தாள். “தெரியலைங்கப்பா. அதைத்தான் கண்டுபுடிக்கோணும்.”

ரங்கக்கா மேசையைத் தட்டினார். “இதை ஏன் கண்ணு துறையில சொல்லலை? இதைத்தான அவங்க கேட்டாங்க?”

“தெரியலைன்னு எப்படிங்கக்கா சொல்றது?”

“இப்பச் சொன்னீல்ல. அப்படித்தான்.”

அவள் அப்பா இன்னும் மணிப் பக்கத்திலேயே நின்றிருந்தார். “தெரியாத ஒண்ணுக்கா கண்ணு இத்தனை வருசப் படிப்பு?”

“ஆமாங்கப்பா.”

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “அப்பச் சரி. தெரிஞ்சதைப் படிக்கறதுக்கு எதுக்குக் கோயமுத்தூரு வரோணும்?”

சாயங்கால பஸ்ஸுக்கு அவர் மட்டும் போனார். போகும்போது மேசைக்கு அடியில் இருந்த பையை நான் எடுத்து நீட்டினேன். “இருக்கட்டுங்க. அது வந்து எடுத்துக்கும்” என்றார். தேன்மொழி வந்து எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். மாணவர்கள் தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்துத் தின்றார்கள்.

இரண்டாவது தடவை துறையில் அவள் பேசி முடித்து, பதிவு உறுதியாகி, ஓடி வந்தபோது ரங்கக்கா மொபெட்டை மிதித்துக்கொண்டிருந்தார். “தெரியலைன்னு எத்தனை தரம் சொன்னே?” என்று கேட்டார்.

“ரெண்டு தரங்கக்கா.”

“பத்தாது” என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அவர் சிரிப்பு வளைவு வரைக்கும் கேட்டது.

ஊரார் பிள்ளைகளுக்கு ஓடி ஓடி ரங்கக்காவின் சொந்த ஆராய்ச்சி பின்தங்கியது. வழிகாட்டி கடிந்துகொண்டதும் எங்களுக்குத் தெரியும். அப்போது பிள்ளைகள் அவர் விதியை அவருக்கே போட்டார்கள். ஒருவர் தட்டச்சுக்கு, ஒருவர் படங்களுக்கு என்று பிரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். அவருடைய ஆராய்ச்சி சின்னப் பம்புசெட் பட்டறைகள் ஒன்றுக்கொன்று வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றியது. ஒத்திகையில் நான் மணியை விடவே இல்லை. அவர் வேர்த்துப்போய், “மாரண்ணா, கொஞ்சம் கருணை காட்டுங்க” என்றார்.

“மணிக்கு மரியாதை தெரியாதுங்கக்கா” என்றேன். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடுத்ததில் எனக்கு ஒரு வாரம் சந்தோஷம்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் நடந்தது. ஒத்திகை முடிந்து, தட்டச்சான தாள்களை என் கையில் கொடுத்தார். “தமிழ்ல சுருக்கி வெச்சிருக்கேன். எங்க புரியலையோ அங்க ஒரு கோடு போட்டுக் குடுங்க.” நான் வாங்கினேன். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். டோக்கன் எண்கள் எனக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த அறையில் அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத் தோன்றவில்லை. மணியை அடித்தேன்.

“எங்கங்க புரியலை?”

“முழுசுங்கக்கா. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. ரங்கக்கா வெளியே போய்க் கரும்பலகையில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று சிவராஜ் படித்துச் சொன்னான்: “சைக்கிள் எடுக்க வருவோர் மாரண்ணனுக்கு ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கவும்.”

அப்படித்தான் நான் படித்தேன். டோக்கனைத் திருப்பி வாங்கும்போது ஒரு எழுத்து. அவசரத்தில் இருப்பவர்கள் சின்ன எழுத்தாகச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். இயற்பியல் பிள்ளைகள் அம்புக்குறி போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்த் துறைப் பிள்ளைகள் வந்தால் வண்டி போக ரொம்ப நேரமாகும். புரியாத இடத்தில், நின்றிருக்கும் ஏதாவது ஒரு சைக்கிளின் மணியை அடிப்பேன். மறுபடி சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறையிலும் படித்தவன் நான் ஒருவன்தான் என்று ரங்கக்கா எல்லோரிடமும் பெருமையடித்தார்.

பட்டம் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். இனி உங்களை யாரும் கேள்வி கேட்க முடியாதே என்று ஒரு பையன் சொன்னபோது, “அதுதான் கண்ணு பயமா இருக்குது. டாக்டர்னு போட்டாப் பொறகு எல்லாரும் தலையாட்டிப் போடறாங்க. அதான் மணி இருக்கற எடத்துக்கு வாரேன்” என்றார்.

கரும்பலகையில் செய்தி படித்த அன்று, துடியலூரில் அவர் வீட்டு வாசலில் பழைய பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்து நின்றார்கள். முதல் நாள் மாலை ரங்கக்கா கல்லூரியிலிருந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து, காபி கேட்டாராம். காபி வருவதற்குள் போய்விட்டார். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊட்லயும் ஒரு மணி வெச்சிருந்தாளுங்க. நான் பட்டறைக் கணக்குச் சொன்னா அடிப்பா” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போய்விட்டார். தேன்மொழி இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், அப்பாவோடு வந்திருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “இன்னிக்குத்தானுங்க வெறுங்கையோட வந்திருக்கேன்” என்றார்.

இதை எழுதி முடித்ததும் சங்க அறையில் சனிக்கிழமை நானே வாசித்தேன். எழுதினால் ஒத்திகை பார்க்க வேண்டும் அல்லவா? மணி மேசைமேல் இருந்தது. ‘நேற்று மாலை காலமானார்’ என்ற இடம் வந்தபோது என் கையே போய் மணியை அடித்துவிட்டது. அடித்தால், பேசுகிறவர் மறுபடி விளக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் காத்திருந்தார்கள். “தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

இன்னொரு இடத்தில், ‘ரங்கக்கா பெரிய மனசுக்காரர்’ என்று எழுதியிருந்தேன். இந்த வருடம் சேர்ந்த ஒரு பெண், அக்காவைப் பார்த்தே இராதவள், மணியை அடித்தாள். “எப்படிப் பெரிய மனசுன்னு புரியலைங்க தாத்தா.” நியாயம்தான். அந்த வரியை அடித்துவிட்டு, ‘நான் மாரண்ணனே ஆட்டறாரேன்னு ஆட்டினேன்’ என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னதை அந்த இடத்தில் எழுதினேன். அவள் மறுபடி அடிக்கவில்லை.

மணியை நினைவாக என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அது மேசையில்தான் இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை யாரோ பேசப்போகிறார்கள். எனக்கு அது இனித் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும்போதும், ரேஷன் கடையில் சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போதும், நான் அங்கேயே நின்று, “புரியலைங்க, மறுக்காச் சொல்லுங்க” என்கிறேன். சொல்கிறார்கள். ரங்கக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியம். அதை இப்போது எழுதவும் தெரியும்.